முழு வேகத்தில் நின்ற ஃபேன்

மேசைமேல் கிடந்த ஃபேன் நின்றுவிட்டது.

குமிழை நான் கடைசி வரை திருகியிருந்தேன். அதுவரை காது கிழிய ஓடிக்கொண்டிருந்த ஃபேன், அந்தக் கடைசித் திருகலில் வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றே போனது. குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். ஓடியது. மறுபடி கடைசி வரை திருகினேன். நின்றது.

மூன்றாவது தடவை திருகியபோதும் நின்றது. இதே மாதிரி இன்னொரு ஃபேன், நான் எழுதிய அதே புரோகிராமோடு, அந்த நேரம் என் தம்பி சரவணனின் காரில் ஓடிக்கொண்டிருந்தது. காரை ஓட்டியது அவன். பக்கத்தில் அவன் மனைவி மல்லிகா, ஏழு மாதக் கர்ப்பிணி. வைகாசி வெயிலில் இரண்டு பேரும் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

போன வாரம் எங்கள் பாலிடெக்னிக் லேபில் பல்லி விழுந்து மெயின் சுவிட்ச் போன கதையை எழுதினேன். சிரித்ததாகப் பல பேர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன்.

ஒரு சாண் இடம்

சரவணன் மருந்துக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போகிற விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் ஆறு நாள் டை கட்டுவான். ஏழாவது நாள் கைலியைக் கட்டிக்கொண்டு கார்க்கடியில் படுத்துக்கொள்வான். இருபது வருஷப் பழைய சின்னக் காரை வாங்கி, அதற்குள் அதைவிடப் பெரிய இஞ்சினை உட்கார வைத்தான். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு வருஷம் நடையாய் நடந்து அனுமதியும் வாங்கினான். இம்புட்டு பாடு எதற்கு என்று கேட்டால், "இழுவை பாக்கணும்க்கா" என்பான்.

பெரிய இஞ்சின் உட்கார்ந்ததும் ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. பெல்ட்டில் சுற்றுகிற பழைய ஃபேன் அதற்குள் நுழையாது. ஆகவே கரண்டில் ஓடும் தட்டையான ஃபேன் வேண்டும் என்றான். காயலாங்கடையில் ஏதோ பெரிய சொகுசுக் காரிலிருந்து கழற்றிய ஃபேன் இரண்டு கிடைத்தது. ஒன்றைக் காருக்கு வைத்துக்கொண்டான், ஒன்றை என் மேசைக்குத் தந்தான்.

அது சாதாரண ஃபேன் இல்லை. சுவிட்சைப் போட்டால் ஓடி, அணைத்தால் நிற்கிற ஜாதி இல்லை. அதற்கென்று ஒரு மெல்லிய கம்பி உண்டு. அந்தக் கம்பியில் சிக்னலை நொடிக்கு நூறு தடவை போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். போட்டிருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். இஞ்சின் சூட்டை அளந்து, அதற்கேற்ற வேகத்தை அந்தக் கம்பியில் சொல்ல ஒரு சின்னப் பெட்டி தேவை. பெட்டியைச் செய்தது நான். எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவள். கல்யாணம் காட்சி இல்லாமல் சால்டரிங் அயனோடு குடும்பம் நடத்துகிறவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"எத்தனை டிகிரிக்கு எத்தனை வேகம்னு நீயே பாத்து எழுதுக்கா. ஒனக்குத் தெரியாததா?" என்றான் சரவணன்.

எழுதினேன். எண்பத்தைந்து டிகிரியில் முப்பது சதவீதம். தொண்ணூற்றைந்தில் எழுபது. நூறு டிகிரியைத் தாண்டினால் முழு வேகம், நூறு சதவீதம்.

அந்தக் கடைசி நூறுதான் நான் செய்த தப்பு.

எண்பதுக்கு மேல் போகாத சோதனை

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எந்தப் பொருளையும் கடைசி எல்லை வரைக்கும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடாதே என்று வருஷாவருஷம் வகுப்பில் கத்துகிறவள் நான். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். ஃபேன் எண்பது சதவீதத்தைத் தொட்டதும் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் ஜன்னலில் முகத்தைக் காட்டிவிடுவார்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள ரைஸ்மில்லு வச்சிருக்கியா? மனுசன் கொஞ்சம் கண் அசர வேண்டாமா?"

"முடிஞ்சிருச்சு சார், முடிஞ்சிருச்சு" என்று குறைத்துவிடுவேன். எண்பது வரை ஒழுங்காக ஏறியது நூறு வரை ஏறாதா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் சரவணன் காலை நேரத்தில் காரை ஓட்டிப் பார்த்தான். சூடு தொண்ணூற்றிரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. வளைகாப்பு முடிந்ததும் உச்சி வெயிலில் ஏசியைப் போட்டு ஒரு தடவை நிறுத்தி வைத்துப் பார்ப்போம், அப்புறம் வெளியூர் எடு என்று சொல்லியிருந்தேன்.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பெண் படி இறங்கியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். மல்லிகாவின் அம்மா வீடு டி. கல்லுப்பட்டி. சம்பந்தக்காரர்கள் வந்த வேன் ஆரத்தி ஏற்பாட்டுக்காக முன்னாலேயே போய்விட்டது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மல்லிகா காரில் ஏறினாள். "டேய், வெயில்ல சோதிக்கலடா" என்றேன். "போற வழியில சோதிச்சுக்கிறேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே எடுத்தான்.

அவர்கள் போனதும் பந்தலில் மைக் செட்டு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் வாத்தியாருக்குக் கேட்காது என்று மேசைக்குப் போய்க் குமிழைக் கடைசி வரை திருகினேன்.

நூறு சதவீதம் என்றால் சிக்னல் அணையவே அணையாது. போட்டது போட்டபடி இருக்கும். போட்டுப் போட்டு அணைந்தால்தான் அந்த ஃபேனுக்கு அது பேச்சு. சும்மா இருக்கிற கம்பி அதற்கு அறுந்த கம்பி. அறுந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுகிறது. தொண்ணூறு சதவீதத்திலேயே அது முழு வேகத்தில் ஓடும், அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். காரில் சூடு நூறைத் தாண்டிய நிமிடம் என் பெட்டி முழு வேகம் கேட்கும், ஃபேன் நிற்கும். நின்றதால் சூடு இன்னும் ஏறும். பெட்டி இன்னும் நூறு என்றே கேட்டுக்கொண்டிருக்கும்.

கார் ஓடிக்கொண்டிருந்தால் எதிர்க்காற்று காப்பாற்றும். எங்கேயாவது நின்றால் போச்சு.

பின்னால் கூப்பிடாதே

போனைக் கையில் எடுத்தேன். அம்மா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"யாருக்குடி போன் போடுற?"

"தம்பிக்கு. வண்டியில ஒரு கோளாறும்மா."

"அடி ஆத்தீ! வாயும் வயிறுமா கெளம்புன பிள்ளையப் பின்னால கூப்பிடுறதா? ஊரு போய்ச் சேரட்டும், அப்பறம் பேசு."

"அம்மா, விளையாடாத. கையை விடு."

"ஒன் மெசினுக்கு ஒண்ணும் ஆகாது. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மொதப் பிரசவம். ஏதாச்சும் ஒண்ணுன்னா நம்மளத்தான் சொல்லுவாக."

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் தயங்கினேன். எம்.இ. படித்தவள், சகுனம் பார்க்கிற மாணவிகளைக் கிண்டல் செய்கிறவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருவேளை எங்கேயும் நிற்காமல் போய்விடுவார்கள், நான் கூப்பிட்டு அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று மனசு கண்டபடி ஓடியது. ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ அப்படிப் போனது. அந்த நிமிடங்களை நான் எதைக் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

பிறகு கூப்பிட்டேன். சரவணனின் போன் எங்கள் தலைக்கு மேல் மாடியில் அடித்தது. வேட்டி கட்டியவன் பேன்ட் பாக்கெட்டிலேயே போனை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

மல்லிகாவின் நம்பரை அடித்தேன். எடுத்தது அவள் தங்கை பிரியா. அக்காவைப் போட்டோ எடுக்க வாங்கிய போன் அவளிடமே இருந்திருக்கிறது.

"மதினி, அக்கா எங்க வேன்ல இல்ல. மாமா கார்ல பின்னாடி வாராக. நாங்க கல்லுப்பட்டிக்கு வந்துட்டோம்."

"பிரியா, வேனைத் திருப்பச் சொல்லு. கார எங்க பாத்தாலும் நிறுத்தச் சொல்லு. சரவணன ரேடியேட்டர் மூடியத் தொடக் கூடாதுன்னு சொல்லு."

உள்ளே யாரோ பெரியவர்களிடம் அவள் கேட்பது காதில் விழுந்தது. "வெத்தல பாக்குத் தட்டோட கெளம்புனது, பாதியில திரும்பக் கூடாதுங்குறாக மதினி. அஞ்சு நிமிசத்துல அவுகளே வந்துருவாகள்ல?"

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். பட்டுப்புடவையோடேயே கிளம்பினேன். அம்மா பின்னால் ஏதோ கத்தினாள், என்னவென்று தெரியவில்லை.

குக்கர் வெயிட்

என் பயம் இஞ்சினைப் பற்றி இல்லை. இஞ்சின் வெந்து உருகினால் உருகட்டும், இரும்புதானே. என் பயம் சரவணனின் கையைப் பற்றி.

சின்ன வயதிலேயே அவனுக்குக் குக்கர் அடங்கும் வரை பொறுக்காது. கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிடுவான். ஒரு தீபாவளிக்கு எங்கள் அடுப்படிக் கூரையில் சாம்பார் கறை பிடித்தது, வீட்டை வெள்ளை அடிக்கும் வரை போகவில்லை. பெரியவனாகிக் கார் வாங்கிய பிறகு ரேடியேட்டர் மூடியிலும் அதே வேலை. ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, கால் திருகு திருகி, உஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டு, இன்னும் கால் திருகு திருகுவான்.

"வெந்துருவடா, பிசாசே" என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். "எனக்கு அந்த நேக்கு தெரியும்க்கா" என்பான்.

பழைய காரில் அந்த நேக்கு செல்லுபடியானது. இது பெரிய இஞ்சின். உள்ளே அழுத்தமும் அதிகம். மூடி கொஞ்சம் நெகிழ்ந்தால் போதும், கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் முகத்தில் வரும். எனக்குக் கண்முன் வந்தது அவன் முகம் மட்டும்தான்.

நான்குவழிச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. நான் அறுபதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. அன்றைக்கு எவ்வளவில் போனேன் என்று பார்க்கவில்லை. ஓரத்தில் நிற்கிற ஒவ்வொரு காரையும் பார்த்தேன். சரவணனின் கார் மாதிரி நீலத்தில் எது தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்தேன். திருமங்கலத்தில் ஒன்றும் இல்லை. தாண்டிவிட்டார்கள், தப்பித்துவிட்டார்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம் அழுகையும் வந்தது.

திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் விட்டு, மறுபக்கத்தை மறித்து வைத்திருந்தார்கள். பஸ், லாரி, கார் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் அப்படியே நின்றன. நிற்கிற வண்டிகளுக்கு நடுவில், ஏசி போட்டு, உச்சி வெயிலில். நான் நினைத்த அதே நிலைமை.

மண்ணிலும் ஜல்லியிலும் ஸ்கூட்டரை இறக்கி வரிசையைத் தாண்டிப் போனேன். ஒரு கருவேலம் புதர்ப் பக்கத்தில் நீலக் கார் நின்றது. பானெட் தூக்கியிருந்தது. புகை இல்லை. எல்லாம் முடிந்து அடங்கியிருந்தது.

கண்ணைத் திற

சரவணன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை கிழித்து எறியப்பட்டிருந்தது. மல்லிகா அந்த வயிற்றோடு நின்று, ரோடு வேலைக்காரர்களின் குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்து அவன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேன் ஆட, வளையல் அத்தனையும் சத்தம் போட்டது.

வலது கை, நெஞ்சு, கழுத்து, ஒரு பக்கத் தாடை வரை தோல் சிவந்து வழன்றிருந்தது. கண் இரண்டும் மூடியிருந்தன.

"யாரு, அக்காவா?" என்றான். "அக்கா, நூத்திப் பத்தத் தாண்டிருச்சுக்கா. ஃபேனு ஓடுற சத்தமே கேக்கல. தண்ணி இல்லையோன்னு தெறந்துட்டேன். என் தப்புத்தான்க்கா."

"கண்ணத் தெற."

"எரியுதுக்கா."

"சரவணா, கண்ணத் தெறடா. ஒரு தடவ தெறடா." நான் கத்தினேன். அவன் முயன்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரோடு வேலை செய்த பெண் ஒருத்தி பல் தேய்க்கிற பேஸ்ட் டியூபோடு ஓடி வந்தாள். "இதத் தடவுங்கம்மா, எரிச்சல் அடங்கும்." யாரோ இங்க் என்றார்கள், யாரோ மாவு என்றார்கள். "ஒருத்தரும் கிட்ட வராதீங்க, தண்ணிய மட்டும் ஊத்துங்க" என்று அலறினேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது.

ஜல்லி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினிலாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். திருமங்கலம் ஆஸ்பத்திரி வரை தம்பியின் தலை என் மடியில் இருந்தது. மல்லிகா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவன் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கண் இனிமேல் திறக்காவிட்டால் பிறக்கப்போகிற பிள்ளையின் முகத்தை இவன் எப்படிப் பார்ப்பான் என்ற ஒன்றைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு எண் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். சரவணனின் இமையை விரலால் பிரித்து, "யார் நிக்கிறாங்க, சொல்லுங்க" என்றார்.

"எங்க அக்கா" என்றான். "பட்டுச்சேல முழுக்க சேறு."

கண் தப்பியது.

வராந்தாவில்

வெளியே வராந்தாவில் இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். அம்மா ஆட்டோவில் வந்திருந்தாள். வேனில் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். மல்லிகா பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. எங்கள் பெரியம்மா ஒருத்தி யாரிடமோ மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். "வளையல் போட்ட அன்னைக்கேவா? வயித்துல இருக்கும்போதே அப்பனக் காவு கேக்குதே, இது என்ன பிள்ளையோ."

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மாகூட மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். சரவணனே தன் தப்பு என்று சொல்லிவிட்டான். ரோட்டில் இருந்த எல்லாருக்கும் மூடியைத் திறந்தது யார் என்று தெரியும். என் பெட்டியைப் பிரித்துப் பார்க்க அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. நான் பயந்துதான் போயிருந்தேன், வேலை, பெயர், தம்பி எல்லாவற்றுக்கும். ஆனால் இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் தலையில் என் தப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பெரியம்மா, வாய மூடுங்க" என்றேன். "பிள்ளையும் இல்ல, ராசியும் இல்ல. நான் பண்ண தப்பு. ஃபேன் ஓடாததுக்குக் காரணம் நான். தொண்ணூறுன்னு எழுத வேண்டிய எடத்துல நூறுன்னு எழுதுனேன். சோதிச்சுப் பாக்காம வண்டிய விட்டேன். தெரிஞ்ச பெறகும் உடனே கூப்பிடாம உக்காந்திருந்தேன்."

ஒருவருக்கும் பாதி புரியவில்லை. நூறு தொண்ணூறு என்று இவள் ஏதோ உளறுகிறாள் என்றுதான் பார்த்தார்கள். மல்லிகாவுக்கு மட்டும் புரிந்தது. அவள் எழுந்து என் பக்கத்தில் வரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஆனால் முதல் தடவையாக அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா போய் அவளை அணைத்துக்கொண்டாள்.

சரவணனிடம் மறுநாள் சொன்னேன். கூரையைப் பார்த்தபடி "சரிக்கா" என்றான். அந்தச் 'சரி'யில் கோபம் இருந்ததா இல்லையா என்று நான் மாதக்கணக்கில் யோசித்தேன்.

ஐந்தாம் மாதம்

பெண் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர நாள் குறித்தார்கள். நான் முன்கூட்டியே வாடகைக் காருக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சரவணன் அதை ரத்து செய்துவிட்டான்.

"நம்ம வண்டியிலதான் போறோம். நீயும் வார."

"வேண்டாம்டா. எனக்குத் தைரியம் இல்ல."

"தொண்ணூறுன்னு மாத்திட்டேல்ல?"

"மாத்திட்டேன். ஃபேன் நின்னா தனியா அலாரம் அடிக்கும். பெட்டியக் கேக்காம முழுசா ஓடுற ரெண்டாவது ஃபேனும் ரேடியேட்டருக்கு முன்னால வச்சிட்டேன். நாப்பது தடவ சோதிச்சிட்டேன். இருந்தாலும் வேண்டாம்."

அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். தோல் திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் வளர்ந்திருந்தது. "அன்னைக்கு எனக்கு ஒம்மேல அம்புட்டுக் கோவம்க்கா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேற வண்டியில எம்பிள்ளையக் கூட்டியாந்தேன்னு வையி, நீ இனிமே ஒரு கம்பியத் தொட மாட்ட. எனக்குத் தெரியும். ஏறு."

திரும்பி வரும்போது மல்லிகா முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளையை என் மடியில் அவளே கொடுத்தாள். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெரிசலில் மாட்டினோம். மழைக்காலம்தான், ஆனாலும் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஏசி ஓடியது. கார் நகரவில்லை. டேஷ்போர்டில் எண் ஏறியது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது. நூறு.

நூற்றொன்று என்று மாறியது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை தூக்கிவாரிப்போட்டு விழித்து, வீறிட்டு அழுதது. நானும் அழுதேன், சத்தமாக, அடக்கத் தெரியாமல்.

சரவணன் திரும்பவில்லை. "ரெண்டு பேரும் அழாதீங்க" என்றான். "எறங்குது பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றாறு.